கடலூர், புதுச்சேரி வாகன ஓட்டிகளுக்கு: டிராஃபிக் சலானைத் தேடிக் கண்டுபிடித்து முடிப்பது எப்படி?

சலானில் (போக்குவரத்து அபராதச் சீட்டில்) மாட்டிக்கொண்டு அலைபவர்களில் பெரும்பாலோர் பணம் கட்ட மறுப்பவர்கள் இல்லை. கட்டத் தயாராக இருந்தும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். "ஆன்லைன்ல ஒண்ணும் காட்டல, விட்டுட்டேன்" என்பார்கள். பிறகு வண்டியை விற்கப் போகும்போது நிலுவை என்று நிற்கும், அல்லது வீட்டுக்குச் சம்மன் வரும்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இந்தக் குழப்பம் மற்ற ஊர்களைவிட அதிகம். ஒரே சாலையில் இரண்டு அரசு, இரண்டு போலீஸ், இரண்டு கோர்ட். அதனால் "எவ்வளவு கட்டணும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். சலான் யாருடையது, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கீழே உள்ள வரிசையும் அதை வைத்துத்தான். படிகளை மாற்றிப் போட்டால் வேலை இரட்டிப்பாகும்.

1. தேடும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஆர்.சி., லைசென்ஸ், சலான் தாள் அல்லது எஸ்.எம்.எஸ்., ஆர்.சி.யில் பதிவான மொபைல். இந்த நான்கும் பக்கத்தில் இல்லாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டாம்.

ஆர்.சி. எதற்கு? வண்டி நம்பரை மட்டும் போட்டால் இ-சலான் தளம் விவரத்தைத் தராது. சேசிஸ் நம்பர் அல்லது எஞ்சின் நம்பரின் கடைசி 5 எழுத்துகளையும் கேட்கும். வேறு யாரும் உங்கள் வண்டியின் சலானைத் துழாவக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. இன்சூரன்ஸ் தாளிலும் இந்த நம்பர்கள் இருக்கும், ஆனால் அதில் தட்டச்சுப் பிழைகள் சகஜம். ஆர்.சி.யையே பாருங்கள்.

அடுத்தது மொபைல். ஓ.டி.பி. வருவது பதிவான எண்ணுக்குத்தான். சலான் போட்ட செய்தியும் அதற்குத்தான் போகும். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவர்கள், ஷோரூம்காரர் தன் எண்ணையே பதிந்துவிட்ட வண்டியை ஓட்டுபவர்கள், இவர்களுக்கெல்லாம் சலான் விழுந்ததே தெரியாது. மத்திய அரசின் பரிவாகன் தளத்தின் வாகனச் சேவைகளில் மொபைல் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

ரோட்டில் கையடக்க மெஷினில் அடித்துத் தரும் சலான், கடை பில் வரும் அதே வழவழப்பான தாள். பெட்ரோல் டேங்க் கவரிலோ சீட்டுக்கு அடியிலோ வைத்தால் நம் ஊர் வெயிலுக்குச் சில வாரத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். கோர்ட்டில் நீட்டும்போது அதில் ஒன்றுமே இருக்காது. வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள். ஜெராக்ஸ் மங்காது.

2. சலான் எந்த அரசுடையது என்று உறுதி செய்வது

எல்லோரும் தாண்டிப் போகிற படி இதுதான். அலைச்சலும் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடி என்றால் தமிழ்நாடு. முள்ளோடை, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்றால் புதுச்சேரி. இதுவாவது பரவாயில்லை. விழுப்புரம் ரோட்டில் வில்லியனூர் புதுச்சேரி, அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு, அதைத் தாண்டித் திருபுவனை, மதகடிப்பட்டு மறுபடி புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு, அதற்கும் வடக்கே காலாப்பட்டு புதுச்சேரி. எந்த இடத்தில் மடக்கினார்கள் என்பது தெரியாமல் "பாண்டி போற வழியில" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

இதில் இன்னொரு நுணுக்கம்: கோட்டக்குப்பமும் கண்டமங்கலமும் தமிழ்நாடுதான், ஆனால் விழுப்புரம் மாவட்டம். அங்கே விழுந்த வழக்கைக் கடலூர் கோர்ட் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

வண்டியின் பதிவெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். டி.என்.31 கடலூர், டி.என்.91 சிதம்பரம், பி.ஒய்.01 புதுச்சேரி என்பதெல்லாம் வண்டி எங்கே பதிவானது என்பதை மட்டும் சொல்லும். குற்றம் எந்த எல்லையில் நடந்ததோ அந்த எல்லையின் கோர்ட்டுக்குத்தான் வழக்கு போகும். கடலூரில் பி.ஒய். நம்பர் வண்டி ஓட்டுபவர்கள் ஏராளம். கடலூரில் பிடிபட்டுவிட்டுப் புதுச்சேரி டிராஃபிக் ஸ்டேஷனில் போய் விசாரிப்பவர்களும் அதே அளவுக்கு இருக்கிறார்கள்.

உறுதி செய்வது சுலபம். சலான் எண்ணின் முதல் இரண்டு எழுத்து டி.என். என்றால் தமிழ்நாடு, பி.ஒய். என்றால் புதுச்சேரி. அதோடு எந்தத் துறை என்பதையும் பாருங்கள். டிராஃபிக் போலீஸ் போட்டதா, போக்குவரத்துத் துறையின் மோட்டார் வாகன ஆய்வாளர் போட்டதா? இரண்டுக்கும் விசாரிக்கும் அலுவலகம் வேறு. ஆய்வாளர் போட்ட சலானுக்குப் போலீஸ் ஸ்டேஷனில் கால் கடுக்க நின்று பயனில்லை.

3. இ-சலான் தளத்தில் தேடுவது

பரிவாகன் தளத்தின் இ-சலான் பகுதிக்குப் போங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் தளம் இது. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுமே இதற்குள் வரும். எம்-பரிவாகன் செயலியிலும் பார்க்கலாம்.

தேட மூன்று வழி உண்டு: சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண். முதலில் வண்டி எண்ணில் தேடுங்கள். கையில் இருக்கும் ஒரு சலானைத் தவிர நீங்கள் அறியாத மற்ற சலான்களும் அதில் வரிசையாக வந்துவிடும். அப்புறம் லைசென்ஸ் எண்ணிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நண்பன் வண்டியையோ கம்பெனி வண்டியையோ ஓட்டும்போது உங்கள் லைசென்ஸை வைத்துப் போட்டது உங்கள் வண்டியின் பெயரில் இருக்காது.

வண்டி எண்ணை இடைவெளி இல்லாமல் அடிக்க வேண்டும். எண் பகுதிக்கு முன்னால் பூஜ்யம் இருந்தால் அதையும் சேர்த்து, ஆர்.சி.யில் உள்ளபடியே அடியுங்கள். "பதிவு இல்லை" என்று வந்தால் பாதிப் பேருக்குக் காரணம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் "சலான் பணம் கட்ட" என்று போட்டு மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். முகவரி டாட் ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் "உங்கள் சலான்" என்று ஏ.பி.கே. ஃபைல் வந்தால் திறக்கவே வேண்டாம். அரசாங்கம் சலானை ஆப் ஃபைலாக அனுப்புவதில்லை, அது வங்கிக் கணக்கைத் துடைக்கிற வேலை. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.

4. சலான் எந்தக் கட்டத்தில் இருக்கிறது?

தளத்தில் உங்கள் சலானுக்கு நேராக அதன் நிலை காட்டும். மூன்று வகைதான் முக்கியம்.

நிலுவை என்றால் இன்னும் போலீஸ் கையிலோ துறையின் கையிலோ இருக்கிறது, இங்கேயே கட்டலாம். கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது என்றால் இங்கே கட்டும் பொத்தான் வேலை செய்யாது, 7 அல்லது 8ஆம் படிக்குப் போக வேண்டும். முடிந்தது என்றால் ரசீதை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

"கட்டுற பட்டனே வரலை, சைட் ஒர்க் ஆகலை" என்று நாள்கணக்கில் முயற்சி செய்கிறவர்களைப் பார்த்தால், தொண்ணூறு சதவீதம் அது இரண்டாம் வகையாக இருக்கும். தளத்தின் மேல் தப்பில்லை. கோப்பு கை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

5. கட்டும் முன் யோசிக்க வேண்டியது

சின்னத் தொகை, கட்டிவிட்டுப் போகலாம் என்பது பல நேரம் சரியான முடிவுதான். ஆனாலும் எதற்குக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்டுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 200ஆவது பிரிவுப்படி, குறிப்பிட்ட குற்றங்களுக்கு அதிகாரியிடமே அபராதம் கட்டி வழக்கில்லாமல் முடிக்கலாம். கட்டினால் அந்தக் குற்றத்துக்கு மேல் நடவடிக்கை கிடையாது. ஆனால் 2019 திருத்தம் இதில் ஒரு கொக்கி வைத்திருக்கிறது. கட்டி முடித்த குற்றமும் "முதல் தடவை" என்ற கணக்கில் ஏறிவிடும். அடுத்த தடவை அதே குற்றம் என்றால் இரண்டாம் தடவைக்கான தொகைதான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்தது 4,000. தமிழ்நாட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் முதல் தடவை 1,000, மூன்று ஆண்டுக்குள் மறுபடி மாட்டினால் 10,000. ஆக, நீங்கள் செய்யாத குற்றத்துக்கு "தொலையட்டும்" என்று கட்டினால் அது உங்கள் கணக்கில் தங்கிவிடும்.

பணம் கட்டுவதால் லைசென்ஸ் தப்பிவிடும் என்பதும் தவறான நம்பிக்கை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதற்கான 194டி பிரிவில் 1,000 ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கமும் சேர்ந்தே எழுதியிருக்கிறது. பைக்கில் மூன்று பேர் போவது 194சி, அதற்கும் அதே கதி. இவற்றில் போலீஸ் லைசென்ஸை எடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். எடுத்தால் தற்காலிக ஒப்புகைச் சீட்டு கட்டாயம் கேட்டு வாங்குங்கள். லைசென்ஸ் திரும்ப வரும் வரையோ அதில் குறித்த தேதி வரையோ ஓட்ட அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

சில குற்றங்களை ரோட்டில் முடிக்கவே முடியாது. குடித்துவிட்டு ஓட்டியது அதில் முதல். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 185ஆவது பிரிவு. முதல் தடவை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். மறுபடி என்றால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 15,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். இது கோர்ட்டில் மட்டுமே முடியும். வார இறுதியில் புதுச்சேரிக்குப் போய்த் திரும்பும் கடலூர்க்காரர்கள் மாட்டுவது பெரும்பாலும் இதில்தான். "ஸ்பாட்லயே முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பணத்துக்கு ரசீது வராது என்று அர்த்தம்.

பதினெட்டு வயது ஆகாத பையன் ஓட்டியதும் அப்படித்தான். 199ஏ பிரிவில் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டிப் பதிவும் 12 மாதம் ரத்தாகும். இதை நீங்களாகக் கையாள வேண்டாம். நேராக வக்கீலைப் பாருங்கள்.

இன்னொன்று: கையில் தாள் இல்லை என்பதற்காகப் போட்ட சலான். இன்சூரன்ஸ் உண்மையிலேயே உயிரோடு இருந்து, காட்ட மட்டும் முடியவில்லை என்றால், அது "இன்சூரன்ஸ் இல்லை" என்ற குற்றம் ஆகாது. டிஜிலாக்கர், எம்-பரிவாகனில் இருக்கும் மின் ஆவணங்கள் செல்லும். கேட்ட அதிகாரியிடம் 15 நாளுக்குள் ஆவணத்தைக் காட்ட மத்திய மோட்டார் வாகன விதி 139 இடம் தருகிறது. உடனே கட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

6. ஆன்லைனில் கட்டுவது

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சலானைத் தேர்ந்தெடுத்து, ஓ.டி.பி. போட்டு, கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கட்டி, ரசீதை பி.டி.எஃப். ஆக இறக்கி வையுங்கள்.

பணம் கணக்கிலிருந்து போய், தளத்தில் இன்னும் நிலுவை என்றே காட்டினால் பதறி மறுபடி கட்டாதீர்கள். நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் இணைப்பு அதே தளத்தில் உண்டு. சலான் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

தொகை பற்றி: தமிழ்நாடு 2022 அக்டோபரில் புதிய அபராதத் தொகைகளை அறிவித்தது. புதுச்சேரிக்கு அதன் சொந்த அறிவிப்பு. கடலூரில் ஒருவர் கட்டிய தொகையை வைத்துப் புதுச்சேரி சலானில் வாதாட முடியாது.

7. விர்ச்சுவல் கோர்ட்டில் இருந்தால்

கோர்ட்டுக்கு அனுப்பப்பட்டது என்று வந்தால் உடனே கோட்டு போட்ட வக்கீலைத் தேட வேண்டாம். முதலில் விர்ச்சுவல் கோர்ட்ஸ் தளத்தைப் பாருங்கள், நேரில் போகாமல் ஆன்லைனிலேயே அபராத வழக்கை முடிக்கும் கோர்ட் அது. 2019இல் டெல்லியில் தொடங்கியது, தமிழ்நாடும் அதில் உண்டு. மாநிலப் பட்டியலில் சரியான டிராஃபிக் துறையைத் தேர்ந்தெடுத்து, மொபைல் எண், சலான் எண், வண்டி எண், பெயர் என்று ஏதாவது ஒன்றில் தேடலாம்.

வழக்கு திறந்ததும் நீதிபதி குறித்த தொகை தெரியும். கீழே இரண்டு வழி: அபராதத்தைக் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன். கட்டினால் வழக்கு அங்கேயே முடிகிறது, எங்கும் போக வேண்டாம். எதிர்த்தால் வழக்கு அந்தப் பகுதியின் சாதாரண கோர்ட்டுக்கு மாறும், நேரில் ஆஜராக வேண்டி வரும்.

என்ன நடக்கிறது பார்க்கலாம் என்று "எதிர்க்கிறேன்" பொத்தானை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சோதித்துப் பார்க்கும் பொத்தான் இல்லை அது. கையில் ஆதாரம் இருந்தால் மட்டும் அழுத்துங்கள்.

பட்டியலில் உங்கள் துறை இல்லை, அல்லது துறை இருந்தும் உங்கள் வழக்கு இல்லை என்றால் அடுத்த படி.

8. சாதாரண கோர்ட்டில் வழக்கைத் தேடுவது

இதற்குத் தளம் வேறு: ஈகோர்ட்ஸ் சர்வீசஸ். இதே பெயரில் செயலியும் உண்டு. டிராஃபிக் வழக்குகள் போவது நீதித்துறை நடுவர் கோர்ட்டுக்கு, நம் ஊர்ப் பேச்சில் ஜே.எம். கோர்ட்.

முதலில் மாநிலம். புதுச்சேரிக்கும் உயர் நீதிமன்றம் சென்னைதான். அதனால் பலர் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்துவிட்டுப் புதுச்சேரியைத் தேடுவார்கள். புதுச்சேரி தனியாக இருக்கிறது. அடுத்து கோர்ட் வளாகம். கடலூர் மாவட்டத்தில் கடலூர் தவிர சிதம்பரம், விருத்தாசலம், பண்ருட்டி, நெய்வேலி, திட்டக்குடி என்று தனித்தனி வளாகங்கள் உண்டு. வடலூர்ப் பக்கம் பிடித்ததைக் கடலூர் வளாகத்தில் மட்டும் தேடிவிட்டு "கேஸே இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். எந்தப் போலீஸ் ஸ்டேஷன் எல்லையோ, அந்த ஸ்டேஷன் எந்தக் கோர்ட்டுக்கு வழக்கு அனுப்பும் என்று ஸ்டேஷன் எழுத்தரிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

சம்மன் கையில் இருந்தால் வேலை எளிது. அதில் வழக்கு எண் இருக்கும். எஸ்.டி.சி. என்று ஆரம்பித்தால் சுருக்க விசாரணை வழக்கு. டிராஃபிக் வழக்குகள் பெரும்பாலும் அந்த வகைதான். வழக்கு வகை, எண், ஆண்டு மூன்றையும் போடுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரும், 16 எழுத்துகள் கொண்ட சி.என்.ஆர். எண் தெரிந்தால் மாநிலமும் வளாகமும்கூட வேண்டாம், நேரே வழக்கு திறக்கும். ஒருமுறை கண்டுபிடித்ததும் அந்த எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த வாய்தா தேதி பார்க்க அது ஒன்றே போதும்.

எதுவும் இல்லாமல் பெயரை வைத்துத் தேடுவது பொறுமைக்கு ஒரு பரீட்சை. வழக்கில் வாதி இடத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர் இருப்பார், உங்கள் பெயர் எதிரி இடத்தில். அதை ஆங்கிலத்தில் யார் எப்படி அடித்தார்களோ அப்படித்தான் இருக்கும். ஆறுமுகம் என்ற பெயரை ஒற்றை யு போட்டும் இரட்டை ஓ போட்டும் அடிக்கலாம். செந்திலுக்கு டி.எச். உண்டா இல்லையா? ஞானசேகரன் என்றால் கேட்கவே வேண்டாம். முழுப் பெயரை அடிக்காமல் எப்படி எழுதினாலும் மாறாத நான்கைந்து எழுத்துகளை மட்டும் அடியுங்கள். இனிஷியலை விட்டுவிடுங்கள், அது முன்னாலும் இருக்கும், பின்னாலும் இருக்கும். ஆண்டை வழக்கு பதிவான ஆண்டாகப் போடுங்கள். டிசம்பரில் பிடித்தது அடுத்த ஆண்டு எண்ணில் ஏறியிருக்கலாம். நிலுவை, முடிந்தது என்ற இரண்டு பட்டியலையும் பார்க்க வேண்டும். நீங்கள் போகாமலே ஏதாவது உத்தரவு ஆகியிருந்தால் அது இரண்டாவதில் இருக்கும்.

பிடித்தது உங்கள் வண்டி, ஓட்டியது தம்பி என்றால் தம்பி பெயரிலும் தேடுங்கள். ரோட்டில் நிறுத்திப் போட்டது ஓட்டியவர் பெயரில் போகும், கேமராவில் பிடித்தது ஆர்.சி. உரிமையாளர் பெயரில் வரும்.

இவ்வளவுக்கும் கிடைக்கவில்லை என்றால் நேரில்தான். சலான் ஜெராக்ஸோடு டிராஃபிக் ஸ்டேஷனில் கோர்ட் வேலை பார்க்கும் காவலரைக் கேளுங்கள், எந்த எண்ணில் வழக்கு போனது என்ற குறிப்பு அவரிடம் இருக்கும். புதுச்சேரியில் கோர்ட்டுகள் கடலூர் சாலையில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் ஒரே இடத்தில் இருக்கின்றன. காலை நேரத்தைத் தவிர்த்து, கோர்ட் வேலை ஓய்ந்த மதியத்துக்குப் பிறகு அலுவலகத்தில் விசாரித்தால் நின்று பதில் சொல்வார்கள்.

9. கோர்ட்டுக்குப் போகும் நாள்

சம்மனைக் கவனமாகப் படியுங்கள். சிறு குற்றங்களில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தையும் குறிப்பிட்ட தொகையையும் தபால் வழியே அனுப்பலாம் என்று சம்மனிலேயே எழுதியிருக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 208ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அப்படி இருந்தால் போகவே தேவையில்லை.

போக வேண்டும் என்றால் பத்து மணிக்கே போய்விடுங்கள். சம்மன், சலான், லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் எல்லாவற்றிலும் அசலும் ஜெராக்ஸும் வேண்டும். ரொக்கமும் எடுத்துப் போங்கள், கோர்ட் கவுண்டரில் ஜிபே காட்டிப் புண்ணியமில்லை. போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு, பெயர் கூப்பிடும் சத்தம் கேட்கும் தூரத்தில் நில்லுங்கள். டீக்கடைக்குப் போன நேரத்தில் பெயரைக் கூப்பிட்டுவிட்டால் ஆஜராகவில்லை என்று எழுதிவிடுவார்கள்.

உள்ளே போனதும் குற்றச்சாட்டைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். ஒப்புக்கொண்டால் அன்றே அபராதம் விதித்து அன்றே முடியும். "ஐயா, அன்னைக்கு என்ன ஆச்சுன்னா" என்று கதையை ஆரம்பித்துவிட்டுக் கடைசியில் ஒப்புக்கொள்வது யாருக்கும் உதவாது. சூழ்நிலையைச் சொல்லித் தொகையைக் குறைக்கக் கேட்க வேண்டுமானால் ஒப்புக்கொண்ட பிறகு இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள். மறுத்தால் வாய்தா, சாட்சி என்று நீளும், அதற்கு வக்கீல் வேண்டும்.

தேதியைத் தவறவிட்டு, "அது பாண்டி கேஸ்தானே, கடலூருக்கு யார் வரப் போறாங்க" என்று இருந்துவிடாதீர்கள். பிடிவாரண்டை இந்தியாவின் எந்த மூலையிலும் நிறைவேற்றலாம், முள்ளோடை எல்லை அதற்குத் தடையில்லை. வாரண்ட் பிறந்தது தெரிந்தால் வக்கீல் மூலம் நீங்களாகவே ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெற மனு போடுங்கள். போலீஸ் அழைத்து வந்து நிறுத்துவதற்கும் நீங்களாக வந்து நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? அந்தந்த ஊர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

10. தப்பாக வந்த சலான்

நம்பர் ஒரே எழுத்தில் மாறி அடுத்தவர் சலான் உங்களுக்கு வருவது உண்டு. போலி நம்பர் பிளேட்டும் உண்டு. கேமராவில் பதிவான குற்றம் என்றால் படம், இடம், தேதி, நேரம், எந்தப் பிரிவு எல்லாம் அறிவிப்பில் இருக்க வேண்டும். வேகம் என்றால் கருவி அளந்த அளவும் வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்த்த 167ஏ விதி சொல்வது அது.

முதலில் படத்தைப் பெரிதாக்கி வண்டியின் நிறம், மாடல் இரண்டையும் பாருங்கள். உங்கள் வண்டி ஆக்டிவா, படத்தில் இருப்பது பல்சர் என்றால் வாதமே தேவையில்லை. உங்கள் வண்டியின் முன், பின், பக்கவாட்டுப் படங்கள், ஆர்.சி. நகல், சலான் நகல் மூன்றையும் சேர்த்து இ-சலான் தளத்தின் புகார்ப் பகுதியில் போடுங்கள். அதே ஆவணங்களைச் சலான் போட்ட டிராஃபிக் அலுவலகத்திலும் மனுவாகக் கொடுத்து, இரண்டாவது பிரதியில் சீல் வாங்குங்கள். ஆன்லைன் புகார் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அதற்குள் வழக்கு கோர்ட்டுக்குப் போய்விடலாம். அப்போது அந்த சீல் போட்ட பிரதிதான் கைகொடுக்கும்.

வண்டி உங்களுடையதுதான், ஓட்டியது வேறு ஆள் என்பது வேறு விஷயம். ஓட்டியவர் யார் என்று கேட்டால் சொல்ல வேண்டியது 133ஆவது பிரிவின்படி உரிமையாளரின் கடமை. பெயர், லைசென்ஸ் எண்ணோடு எழுத்தில் கொடுங்கள்.

11. லோக் அதாலத்

பழைய சலான்கள் மூட்டையாகச் சேர்ந்து கிடப்பவர்களுக்கு இது நல்ல வழி. தேசிய லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) ஆண்டுக்குச் சில முறை நடக்கும், சமரசம் செய்யத் தக்க டிராஃபிக் வழக்குகளை அதில் எடுப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

நடக்கிற அன்று காலையில் போய் நின்றால் ஆகாது. வழக்குகளை முன்கூட்டியே பட்டியலில் ஏற்றுவார்கள். தேதி அறிவித்ததும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் உங்கள் சலான் எண்களைக் கொடுங்கள். அங்கே முடிந்தால் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது. "பாதிதான் கட்டணும்" என்று சில புரோக்கர்கள் அடித்துச் சொல்வார்கள். தள்ளுபடி எவ்வளவு என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை.

12. முடிந்த பிறகு செய்ய வேண்டியது

கோர்ட்டில் கட்டிய மறுநாளே இ-சலான் தளத்தில் மாறிவிடும் என்று நினைக்காதீர்கள். நேரில் போய் முடித்த வழக்குகளில் யாராவது அதைப் பதிவேற்ற வேண்டும். அபராத ரசீதின் நகலை டிராஃபிக் ஸ்டேஷனில் கொடுத்து, சலானை முடித்துப் பதிவிடச் சொல்லுங்கள். சில நாள் கழித்துத் தளத்தைப் பார்த்து, மாறவில்லை என்றால் மறுபடி போங்கள். ரசீது தொலைந்தால் கோர்ட்டில் நகல் மனு போட்டு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கலாம். அதற்கும் வழக்கு எண் வேண்டும், அதனால்தான் முன்பே எழுதி வைக்கச் சொன்னேன்.

தளத்தில் நிலுவை என்று நிற்கும் வரை ஆர்.சி. பெயர் மாற்றமும் வெளி மாநிலத்துக்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) இழுக்கும். பி.ஒய். வண்டியைக் கடலூரில் விற்பவர்களுக்கும் டி.என். வண்டியைப் புதுச்சேரியில் விற்பவர்களுக்கும் இந்த என்.ஓ.சி. இல்லாமல் வேலை நகராது. விண்ணப்பிக்கும் அன்று காலையில் வண்டி எண்ணைப் போட்டு ஒருமுறை பாருங்கள்.

விற்ற வண்டிக்கும் இது பொருந்தும். பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் பெயர் மாற்ற வேண்டும். அது நடக்கும் வரை வாங்கியவர் எந்த சிக்னலைத் தாண்டினாலும் எஸ்.எம்.எஸ். வருவது உங்கள் போனுக்குத்தான். சாவியைக் கொடுத்த தேதி, நேரம், வாங்கியவரின் லைசென்ஸ் நகல் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, பெயர் மாறும் வரை பத்திரமாக வையுங்கள்.